திங்கட்கிழமையில் தொடங்கும் சமாதானம்: கிறித்தவ ஒப்புரவுச் சைகையின் வரலாறு

மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில், மலைப்பொழிவின் நடுவே, ஒரு சிறு காட்சி இடம்பெறுகிறது. ஒருவர் பலிபீடத்தின் முன் காணிக்கையோடு நிற்கிறார். தம்மீது தம் சகோதரருக்கு மனத்தாங்கல் உண்டு என்பது அப்போது அவர் நினைவுக்கு வருகிறது. காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு, முதலில் போய் அந்தச் சகோதரரோடு ஒப்புரவாகி, பின்பு திரும்பி வந்து அதைப் படைக்குமாறு இயேசு சொல்கிறார். இப்பகுதியை மன்னிப்பைப் பற்றிய அறிவுரையாகவே பலரும் வாசிக்கின்றனர். ஆனால், தமக்குத் தீங்கிழைத்தவரை மன்னிக்குமாறு இங்கே எவரிடமும் கூறப்படவில்லை. குறை இருப்பது எதிர்த்தரப்பிடம். நடந்து போக வேண்டியவரோ அக்குறைக்குக் காரணமானவர். புண்பட்டவர் வந்து முறையிடும் வரை அவர் காத்திருக்கலாகாது. கிறித்தவ மரபில் ஒப்புரவு என்னும் கருத்தின் கடினமான பகுதி இதுவே.

இக்காட்சியின் புவியியலையும் கருத வேண்டும். நற்செய்தியாளர் இப்பொழிவைக் கலிலேயாவில் அமைக்கிறார். பலி செலுத்தத்தக்க பலிபீடமோ எருசலேமில் இருந்தது. இரண்டிற்கும் இடையே 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. கால்நடையாகப் போனால் சில நாள் பயணம். கலிலேயாவிலிருந்து வந்த ஒருவர் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் விட்டுவிட்டு, ஊர் திரும்பிச் சகோதரரைக் கண்டு, மீண்டும் எருசலேம் வருவதென்றால் ஒரு வாரத்திற்கு மேலாகும். கேட்டவர்கள் அதன் மிகையை உணர்ந்து முறுவலித்தும் இருக்கலாம். ஆயினும் அம்மிகை உணர்த்தும் பொருள் தெளிவானது: வழிபாடு காத்திருக்கலாம், மனம் புண்பட்டவரைக் காக்க வைக்கலாகாது.

தமிழ் விவிலியம் இவ்விடத்தில் கையாண்ட சொல்லும் கருதத்தக்கது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் மடலின் ஐந்தாம் அதிகாரத்தில், கடவுள் உலகைத் தம்மோடு ஒப்புரவாக்கியதையும், அந்த ஒப்புரவின் பணி நம்பிக்கையாளரிடம் ஒப்படைக்கப்பட்டதையும் பேசுகிறார். அவர் கையாளும் கிரேக்கச் சொல் மாற்றிக்கொள்ளுதல், நாணயம் மாற்றுதல் என்னும் வேர்ப்பொருள் கொண்டது. தமிழில் மொழிபெயர்த்தோர் அதற்கு ‘ஒப்புரவு’ என்னும் சொல்லைத் தேர்ந்தனர். திருக்குறளின் 22ஆம் அதிகாரத் தலைப்பு ‘ஒப்புரவறிதல்’. அங்கே அச்சொல் உலகநடை அறிந்து ஊரோடு பகிர்ந்து வாழும் கடப்பாட்டைக் குறிக்கிறது. கத்தோலிக்கர் பாவ அறிக்கை அருட்சாதனத்தை ‘ஒப்புரவு அருட்சாதனம்’ என்றே வழங்குகின்றனர். இவ்வாறு கடவுளோடு மீளும் உறவைச் சொல்ல வந்த தமிழ்ச்சொல், ஊரோடு வாழும் முறையையும் தன்னுள்ளே கொண்டிருக்கிறது. ஊரோடு ஒப்புரவில்லாமல் கடவுளோடு ஒப்புரவு உண்டா என்னும் வினா சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

தொடக்கத் திருச்சபை மத்தேயுவின் காட்சியை உருவகமாக விட்டுவைக்காமல் நடைமுறையாக மாற்றியது. ‘திதாக்கே’ என்னும் தொன்மையான போதனை நூலைப் பிலோத்தேயோஸ் பிரியென்னியோஸ் 1873இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கண்டெடுத்து 1883இல் பதிப்பித்தார். தோழரோடு பிணக்குக் கொண்டவர் ஒப்புரவாகும் வரை கூட்டத்தில் சேரலாகாது என்றும், சேர்ந்தால் பலி தீட்டுப்படும் என்றும் அது விதிக்கிறது. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ரோமில் எழுதிய யுஸ்தீன், விசுவாசிகள் மன்றாட்டு முடிந்ததும் ஒருவரையொருவர் முத்தமிட்டு வாழ்த்துவதையும், அதன் பிறகே அப்பமும் கிண்ணமும் தலைவரிடம் கொண்டுவரப்படுவதையும் விவரிக்கிறார். முதலில் சமாதானம், பிறகு காணிக்கை என்னும் மத்தேயுவின் வரிசை இங்கே அப்படியே பின்பற்றப்படுகிறது. பவுலின் மடல்களிலும் பேதுருவின் முதல் மடலிலும் குறிப்பிடப்படும் தூய முத்தம், இவ்வாறு வழிபாட்டில் நிலையான இடம் பெற்றது.

அக்கால உரோமைச் சமூகத்தில் இம்முத்தம் எளிய செயலன்று. முத்தமிட்டு வாழ்த்துவது குடும்பத்தாருக்கும் நிகரானவர்க்கும் உரியது. அடிமையும் ஆண்டையும் ஒரே அவையில் அவ்வாறு வாழ்த்திக்கொள்வது குடும்ப எல்லையை மாற்றி வரைவதாகும். தெர்த்துல்லியன் அதனை மன்றாட்டின் முத்திரை என்று கருதினார். நோன்பைக் காரணம் காட்டி அதனைத் தவிர்த்தோரைக் கடிந்துகொண்டார். நான்காம் நூற்றாண்டில் எருசலேமின் சிரில், புதிதாகத் திருமுழுக்குப் பெற்றோருக்கு அளித்த விளக்கவுரையில், இது சந்தையில் நண்பர்கள் இட்டுக்கொள்ளும் முத்தத்தைப் போன்றதன்று என்றும், உள்ளங்கள் ஒன்றுகலந்து பகையை அகற்றியதன் அடையாளம் என்றும் தெளிவுபடுத்தினார்.

முத்தத்திற்கு முன்னே நிகழ்ந்தவற்றைக் காட்டும் ஆவணம் ஒன்று சிரியாவிலிருந்து கிடைக்கிறது. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘திதஸ்காலியா’ என்னும் ஒழுங்குநூல், ஆயர்கள் விசுவாசிகளின் வழக்குகளைத் திங்கட்கிழமையில் விசாரிக்க வேண்டும் என்கிறது. அதற்கு அந்நூல் கூறும் காரணம் நடைமுறை சார்ந்தது. தீர்ப்பை ஒருவர் ஏற்க மறுத்தால், அதைப் பேசித் தீர்க்க வார இறுதி வரை அவகாசம் இருக்கும்; பிணங்கியோர் ஞாயிற்றுக்கிழமைக்குள் சமாதானமாகிவிடலாம். இருதரப்பையும் ஒருங்கே நிறுத்திக் கேட்க வேண்டும், ஆளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாகாது என்றும் அந்நூல் வலியுறுத்துகிறது. ஞாயிறன்று மன்றாட்டு நேரத்தில் திருத்தொண்டர், அடுத்தவர் மீது மனத்தாங்கல் கொண்டவர் எவரேனும் உளரோ என்று உரத்த குரலில் கேட்கிறார். ஆகவே சமாதான முத்தம் ஒரு வாரம் நீண்ட பணியின் கடைசிப் படியாக இருந்தது. முதலில் விசாரணை, அடுத்து வினா, அதன் பின்னரே முத்தம்.

பிற்கால வரலாறு இப்படிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்த வரலாறாகும். கி.பி. 416இல் திருத்தந்தை முதலாம் இன்னசெண்ட், குப்பியோ நகரின் ஆயர் தெசென்சியுசுக்கு எழுதிய மடலில், சமாதான வாழ்த்து திருப்பலியின் மைய மன்றாட்டு முடிந்த பின்னரே தரப்பட வேண்டும் என்றும், நிகழ்ந்தவற்றுக்கு மக்கள் தரும் இசைவே அது என்றும் விளக்கினார். கிழக்கத்திய மரபுகளில் அது காணிக்கை மன்றாட்டுக்கு முன்னரே நீடித்தது. உரோமை மரபிலோ அப்பம் உட்கொள்வதற்கு முந்திய இடத்திற்கு நகர்ந்தது. சைகையின் இடம் மாறியபோது பொருளும் சற்றே மாறியது. காணிக்கைக்கு நிபந்தனையாக இருந்தது, நடந்து முடிந்த சடங்கின் முத்திரையாக உருக்கொண்டது.

13ஆம் நூற்றாண்டு முதல் மேலை ஐரோப்பாவில் மனிதருக்கு மனிதர் முத்தமிடும் வழக்கம் அருகி, ‘சமாதானப் பலகை’ புழக்கத்திற்கு வந்தது. திருவுருவம் பொறித்த அப்பலகையைக் குரு முத்தமிட்டு அனுப்ப, மக்கள் ஒருவர் பின் ஒருவராக அதனை முத்தமிட்டனர். அண்டையரைத் தொடாமலே சமாதானம் பெறும் வழி இவ்வாறு திறந்தது. யார் முதலில் முத்தமிடுவது என்னும் வினா உடனே எழுந்தது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் எழுதிய ‘காண்டர்பரி கதைகளில்’ வரும் குரு, பிறருக்கு முன்னே பலகையை முத்தமிட விழைவதைச் செருக்கின் வெளிப்பாடுகளுள் ஒன்றாகச் சேர்க்கிறார். பிணக்கைத் தீர்க்கப் பிறந்த சைகையே பிணக்கிற்குக் காரணமாயிற்று.

16ஆம் நூற்றாண்டின் சீர்திருத்தம் பலகையை அகற்றியது, முத்தத்தை மீட்கவில்லை. எனினும் ஆங்கிலிக்கப் பொது மன்றாட்டு நூல் மத்தேயுவின் நிபந்தனையை வேறொரு வடிவில் காத்தது. தம்முள் பகை கொண்டோரை, அவர்கள் ஒப்புரவாகும் வரை, திருவிருந்துப் பந்திக்குச் சேர்க்கலாகாது என்று அது குருவுக்கு ஆணையிட்டது. இருவரில் ஒருவர் உளமார மன்னிக்கவும் தாம் செய்ததற்கு ஈடு செய்யவும் ஆயத்தமாயிருந்து, மற்றவர் பிடிவாதம் பிடித்தால், ஆயத்தமானவரைச் சேர்த்துக்கொள்ளவும் வழிவிட்டது. ஒப்புரவுக்குரிய கடமை ஒருவருடையது. அதன் விளைவு அவர் கையில் இல்லை என்னும் நுட்பமான புரிதல் அவ்விதியில் உண்டு. ஆனால் மக்கள் ஒருவரையொருவர் நோக்கித் திரும்பும் உடல்சார்ந்த தருணம் வழிபாட்டிலிருந்து மறைந்துபோயிற்று.

1706 ஜூலை 9 அன்று சீகன்பால்குவும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கியபோது கொணர்ந்த லுத்தரன் வழிபாட்டிலும் அச்சைகை இல்லை. ஆகவே தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் ஒருவர் மற்றவரை எவ்வளவு நெருங்கினார் என்பதைக் காட்டியவை இரண்டே: கோயிலில் யார் எங்கே அமர்ந்தார், கிண்ணத்தில் யார் முதலில் அருந்தினார். இரண்டையும் சாதியே முடிவுசெய்தது. கத்தோலிக்க மறைப்பணியிலும் நிலைமை வேறன்று. 1606இல் மதுரை வந்த ராபர்ட் டி நொபிலி உயர்சாதியாரிடையே பணியாற்றும் பொருட்டுத் தனித்து வாழ்ந்தார். 1640 முதல் பிற சாதியாருக்கெனப் பண்டாரசாமிகள் என்னும் தனிப் பிரிவினர் அமைந்தனர். ஒரே சமயம், ஒரே துறவற சபை, குருக்களோ இருவகை.

1833இல் கல்கத்தா ஆங்கிலிக்கப் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமை முழுவதையும் உடனடியாகவும் முற்றாகவும் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். சென்னை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளிச் சபைகளிலிருந்து வேளாளக் கிறித்தவர் பலர் வெளியேறினர். சாதி வழக்கத்தைச் சற்றே பொறுத்துக்கொண்ட லைப்சிக் லுத்தரன் மிஷனில் அவர்களுள் பலர் பின்னர்ச் சேர்ந்தனர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் சில ஆண்டுகளுக்கு முன்பே புதிய மிஷனரிகளோடு இக்காரணத்தால் மோதியிருந்தார். விவிலியத்தின் புதிய மொழிபெயர்ப்பு, இசை மரபு, பூக்களின் பயன்பாடு, திருவிருந்தில் சாதிக் கலப்பு ஆகிய அனைத்திலும் அந்நியர் தம்மை அதட்டி மாற்ற முனைவதாக அவர் கண்டார். அவர் சாதி வரிசையைக் காத்தார் என்பதும், ஆட்சியதிகாரத்தின் நிழலில் நின்ற மிஷனரிகளின் ஆணவத்தைச் சுட்டினார் என்பதும் ஒருங்கே உண்மை. இந்த வழக்கின் ஆவணங்களில் பேராயரின் குரலும் வேளாளரின் குரலும் தெளிவாகக் கேட்கின்றன. கிண்ணத்திற்காகக் கடைசியில் காத்து நின்றவரின் குரல் அரிதாகவே பதிவாகியுள்ளது. மனத்தாங்கல் கொண்ட சகோதரர் யார் என்னும் வினாவையே அவ்விவாதம் எழுப்பவில்லை.

நிற்க, 1840களின் இறுதியில் அமெரிக்கன் மதுரை மிஷன் வேறொரு சோதனையை முன்வைத்தது. சபை ஊழியரும் உறுப்பினரும் எல்லாச் சாதியாரோடும் ஒரே பந்தியில் உண்ணும் ‘அன்பின் விருந்து’ அதுவாகும். 1850இல் சென்னை மிஷனரி மாநாடும் இவ்வழியையே ஆதரித்தது. பெயர் தொடக்கத் திருச்சபையினுடையது, நோக்கம் தேர்வு. உண்டவர் தேறினார், மறுத்தவர் விலக்கப்பட்டார். ஆயினும் ஒருநாள் ஒரு பந்தியில் உண்பது ஒப்புரவின் அறிகுறியாகலாமே தவிர, ஒப்புரவே ஆகிவிடாது. தேர்வு முடிந்ததும் அவரவர் தெருவுக்கு அவரவர் திரும்பினர்.

திருநெல்வேலிப் பகுதியின் வடக்கன்குளத்தில் இச்சிக்கல் கட்டடமாகவே எழுந்து நின்றது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே கட்டப்பட்ட கத்தோலிக்கக் கோயில், ஒரே பலிபீடத்தில் வந்து கூடும் இரண்டு தனி மண்டபங்களைக் கொண்டிருந்தது. ஒன்று வேளாளருக்கு, மற்றொன்று நாடாருக்கு. நடுவே தடுப்புச் சுவர். அதன் வடிவம் நோக்கி அதனைக் கால்சட்டைக் கோயில் என்றும் அழைத்தனர். பலிபீடம் இரு சாராருக்கும் தெரிந்தது. ஒரு சாராருக்கு மற்றவர் தெரியவில்லை. மத்தேயுவின் காட்சியைத் தலைகீழாக்கிய கட்டடம் என்று அதனைச் சொல்லலாம். சகோதரரைக் காணாமலே காணிக்கை செலுத்த அது வசதி செய்து தந்தது. 1910இல் இயேசு சபைக் குரு கௌசானல் அடிகளாரின் காலத்தில் சுவர் இடிக்கப்பட்டது. வேளாளர் நீதிமன்றம் சென்றனர். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. கிறித்தவரான பின்னும் தீட்டை அடிப்படையாகக் கொண்டு உரிமை கோருவதை நீதிமன்றம் ஏற்கவில்லை.

அதே 1910ஆம் ஆண்டு, எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில், திருநெல்வேலியின் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா உரையாற்றினார். ஐரோப்பிய மிஷனரிகளுக்கும் இந்திய ஊழியருக்கும் இடையிலிருந்த தொலைவே அவர் எடுத்துக்கொண்ட பொருள். மிஷனரிகளின் தியாகத்தையும் ஈகையையும் இந்தியத் திருச்சபை தலைமுறைதோறும் நன்றியோடு நினைக்கும்; எனினும் அது வேண்டி நிற்பது நட்பே என்னும் கருத்தோடு அவர் உரை முடிந்தது. அரங்கில் அது பெரும் சலசலப்பை உண்டாக்கியது. மனத்தாங்கல் கொண்ட சகோதரரே எழுந்து, காணிக்கை செலுத்துவோரின் முகத்துக்கு நேரே பேசிய அரிய தருணம் அது. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அவர் முதல் இந்திய ஆங்கிலிக்கப் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அவருடைய தோர்ணக்கல் பேராயத்தில் பெரும்பான்மையினர் மாலா, மாதிகா ஆகிய ஒடுக்கப்பட்ட இரு சாதியார். தம்முள்ளும் விலகி நின்ற அவ்விரு சாராரை ஒரே திருச்சபையாக இணைப்பது அவர்தம் பணியின் பெரும்பகுதியாயிற்று.

1919 மே 1, 2 தேதிகளில் தரங்கம்பாடியில் அசரியாவும் சந்தியாகோவும் முன்னின்று ஒரு சிறு கூட்டத்தை நடத்தினர். 33 பேர் பங்கேற்றனர். இருவர் தவிர அனைவரும் இந்தியர். தாங்கள் உண்டாக்காத, வெளியிலிருந்து தங்கள்மீது சுமத்தப்பட்ட பிரிவினைகளால் தங்கள் சாட்சி பலவீனப்படுவதாக அவர்கள் அறிவித்தனர். அங்கே தொடங்கிய பேச்சுவார்த்தை 28 ஆண்டுகள் நீடித்தது. ஆங்கிலிக்கர், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கியத் திருச்சபை ஆகிய மூன்று மரபினர், பேராயர் பதவி வேண்டுமா, ஏற்கெனவே அருட்பொழிவு பெற்றோரை மீண்டும் பொழிவு செய்ய வேண்டுமா என்னும் வினாக்களில் பல்லாண்டுகள் கழித்தனர். இறுதியில் எட்டப்பட்ட ஏற்பாட்டின் உயிர்நாடி ஓர் உறுதிமொழி. மனச்சான்றின்படி ஏற்க இயலாத ஊழியரை எந்தச் சபைமீதும் திணிப்பதில்லை என்பதே அது. எதிர்த்தரப்பின் மனத்தாங்கலைத் தன் பொறுப்பாக ஏற்கும் விதி என்பதால், அது மலைப்பொழிவின் காட்சிக்கு நெருக்கமானது. 1947 செப்டம்பர் 27 அன்று, நாடு விடுதலை பெற்று ஆறு வாரங்களில், சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. உறுப்பினர் ஏறத்தாழ 10 லட்சம். அசரியா அதைக் காணவில்லை. 1945 ஜனவரி 1 அன்றே காலமானார். இணைப்பும் முழுமையாக அமையவில்லை. நந்தியால் பகுதி ஆங்கிலிக்கருள் ஒரு பிரிவினர் சேர மறுத்துத் தனித்து நின்றனர்.

புதிய திருச்சபை 1948இல் வழிபாட்டுக் குழு ஒன்றை அமைத்தது. திருவனந்தபுரத்தில் இறையியல் கல்லூரி முதல்வராயிருந்த லெஸ்லி பிரௌன் அதன் அழைப்பாளர். அக்குழு மேலை மரபுகளுள் எதையும் அப்படியே எடுத்தாளாமல், தொடக்க நூற்றாண்டு ஆவணங்களையும் கேரளத்தின் சுரியானி மரபையும் நாடியது. சுரியானி வழிபாட்டில் சமாதானம் காணிக்கை மன்றாட்டுக்கு முன்னே பலிபீடத்திலிருந்து புறப்பட்டு, கைமாறிக் கைமாறிக் கோயிலின் கடைசி வரிசை வரை செல்லும். இதைப் பின்பற்றி அமைந்த திருவிருந்து முறைமை 1950 ஜனவரியில் மதுரையில் கூடிய சினாடில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. சமாதானம் தருபவர் தம் வலது உள்ளங்கையைப் பெறுபவரின் வலது உள்ளங்கையோடு வைக்க, இருவரும் தத்தம் இடக்கையால் மற்றவரின் வலக்கையை மூட வேண்டும் என்று அதன் குறிப்பு வகுத்தது. இடம் காணிக்கைக்கு முன். ஏறத்தாழ 1,500 ஆண்டுகள் மேலை மரபு இழந்திருந்த வரிசை இவ்வாறு தென்னிந்தியாவில் மீண்டது. இங்கிலாந்துத் திருச்சபை உள்ளிட்ட பல திருச்சபைகள் 1960கள், 70களில் தம் வழிபாட்டு நூல்களைத் திருத்தியபோது இம்முன்மாதிரியைப் பின்பற்றின.

இந்தச் சைகை பிறந்த காலமும் கவனத்திற்குரியது. அதே 1950 ஜனவரியின் 26ஆம் நாள், தீண்டாமையை ஒழித்த 17ஆம் உறுப்பைத் தாங்கிய அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தொடுதலே விலக்கின் எல்லையாக இருந்த சமூகத்தில், நாலு உள்ளங்கைகள் ஒன்றையொன்று மூடும் சைகை ஐரோப்பாவில் பெற முடியாத பொருளை இங்கே பெற்றது. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டு 10 அன்று வெளியான குடியரசுத் தலைவரின் ஆணை, இந்து அல்லாதாரைப் பட்டியல் சாதியினராகக் கருதலாகாது என்று வகுத்தது. பின்னர்ச் சீக்கியரும் பௌத்தரும் அதனுள் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர் இன்றளவும் வெளியே நிற்கின்றனர். கிறித்தவத்தில் சாதி இல்லை என்னும் கோட்பாட்டை அரசு தன் வசதிக்குப் பயன்படுத்திக்கொண்டது. அது பொய் என்பதைக் கோயில் இருக்கைகளும் கல்லறைத் தோட்டங்களும் காட்டி நின்றன. திருச்சிராப்பள்ளி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கரின் கல்லறைகளைப் பிரித்த சுவர் பரவலாக அறியப்பட்ட சான்று.

சைகையைக் காத்துத் தந்த மரபுக்கும் இதில் பங்குண்டு. சுரியானிக் கிறித்தவர் சமாதானத்தைக் கைமாற்றி வந்த அதே நூற்றாண்டுகளில், புலையர், பறையர் சாதிகளிலிருந்து வந்த கிறித்தவர்களைத் தம் கோயில் வரிசையில் சேர்க்கவில்லை. அம்மக்களிடையே தோன்றிய பொய்கையில் யோகன்னான் மார்த்தோமா சபையிலும் பிரதரன் சபையிலும் இருந்து பார்த்து, எங்கும் சாதி நீங்காமை கண்டு வெளியேறி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரத்தியட்ச ரட்சா தைவ சபையை நிறுவினார். தம் முன்னோரின் அடிமை வரலாறு எந்த நூலிலும் எழுதப்படவில்லையே என்பது அவர் பாடல்களின் மையத் துயரம். மனத்தாங்கல் கொண்ட சகோதரர் ஒருவர் இவ்வளவு தெளிவாகப் பேசியும், காணிக்கையை வைத்துவிட்டு அவரை நோக்கிப் பெருந்திரளாக நடந்து போனவர் இலர். சைகை ஒரு சமூகத்தின் உள்ளே பழுதின்றிச் சுற்றிவரவும், அச்சமூகத்தின் எல்லையை ஒருபோதும் கடக்காதிருக்கவும் கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் கத்தோலிக்கத் திருப்பலியிலும் மக்களிடையே சமாதான வாழ்த்து மீண்டது. 1969இல் இந்தியாவுக்கென ஏற்பளிக்கப்பட்ட 12 பண்பாட்டுத் தழுவல்களுள் ஒன்று, அதனைக் கைகுவித்து வணங்கியோ, தருபவரின் கைகளைப் பெறுபவரின் கைகளுக்குள் வைத்தோ தெரிவிக்கலாம் என்றது. தமிழகக் கோயில்களில் கைகுவித்தலே பெரிதும் வழக்காயிற்று. வணக்கம் மதிப்பார்ந்த சைகை; இந்திய மண்ணுக்குரியது. ஆயினும் அண்டையரைத் தொடாமலே நிறைவேற்றத்தக்கதும் அதுவே. எந்த இந்தியத்தன்மை தேர்ந்தெடுக்கப்படுகிறது, அத்தேர்வு யாருக்கு வசதியாகிறது என்று தலித் இறையியலாளர் எழுப்பும் வினா இங்கும் பொருந்தும்.

தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் திருவிருந்துக்கு முன் ‘ஆயத்த ஆராதனை’ நடத்தும் வழக்கம் உண்டு. பிணங்கிய உடன்பிறந்தாரையும் அண்டை வீட்டாரையும் ஆயர் அழைத்துப் பேசி ஒப்புரவாக்கியதை மூத்த தலைமுறையினர் நினைவுகூர்வர். திதஸ்காலியாவின் திங்கட்கிழமைக்கு மிக அருகில் வந்த நடைமுறை இதுவே. ஆனால் இங்கே தீர்க்கப்பட்டவை பெரும்பாலும் ஒரே தெருவினரின் பிணக்குகள். வரப்புத் தகராறு பிணக்கெனக் கருதப்பட்டது. தனிக் கல்லறை ஊர் வழக்கமெனக் கருதப்பட்டது. வழக்கம் என்று பெயரிடப்பட்ட தீங்கைப் பற்றி முறையிட ஆயத்த ஆராதனையில் இடமில்லை. தீங்கிழைத்தவருக்கும் அது நினைவுக்கு வருவதில்லை. ஏனெனில் அதைத் தாம் செய்த தீங்காக அவர் எண்ணுவதே இல்லை. மத்தேயுவின் காட்சி முழுவதும் அந்த நினைவுகூர்தலை ஆதாரமாகக் கொண்டிருக்கிறது. நினைவே எழாதவிடத்து நடையும் தொடங்காது.

2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணத்தை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டது. திருத்தொண்டர் உரக்கக் கேட்ட பழைய வினாவுக்குத் தாமதமாக வந்த விடையாக அதனைக் கொள்ளலாம். நினைவுகூர்தல் அவ்வளவில் நிகழ்ந்துவிட்டது. அதன்பின் நிகழ வேண்டியது, இருதரப்பையும் ஒருங்கே நிறுத்திக் கேட்டு, நிலம், கல்லறை, நிருவாகப் பொறுப்பு, கல்வி நிறுவன இடங்கள் ஆகியவற்றில் ஈடு செய்யும் விசாரணையாகும்.

ஒப்புரவு கிறித்தவ நம்பிக்கையின் ஒரு கூறு என்று சொல்லும்போது, பெரும்பாலும் உள்ளத்தின் ஒரு நிலையே கருதப்படுகிறது. இச்சைகையின் வரலாறு காட்டுவது வேறு. தொடக்கத் திருச்சபை ஒப்புரவை நாள் குறித்துச் செய்யத்தக்க வேலையாக வகுத்தது. அதற்கு ஒரு மன்றமும் ஒரு வினாவும் ஒரு காலக்கெடுவும் அமைத்தது. இடைக்காலம் மன்றத்தையும் வினாவையும் கைவிட்டு, சைகையையும் பலகையாக்கியது. 1950இல் மதுரை அச்சைகையை உள்ளங்கைகளுக்கு மீட்டுத் தந்தது. அது சிறிய சாதனையன்று. மீட்கப்படாமல் நிற்பது திங்கட்கிழமை. ஞாயிறன்று நீட்டப்படும் கை எவ்வளவு உண்மையானது என்பதை, அந்த வாரத்தின் திங்கட்கிழமையில் யாருடைய குறை கேட்கப்பட்டது என்பதே தீர்மானிக்கிறது.